ஷாப்லியும் ஷார்டனே தானாம், நம்பவே முடியல. குளிர் அப்படி என்னதான் பண்ணுது?

மழைக்காலன்

மக்களே ஒரு சந்தேகம். நான் இருக்கறது கலிஃபோர்னியா. இங்க ஷார்டனேங்கற திராட்சையில செஞ்ச ஒயின் கேட்டா வெண்ணெய், வெனிலா, பழுத்த அன்னாசி எல்லாம் சேர்ந்து மஞ்சளா, வாய் முழுக்க அப்பிக்கிற மாதிரி ஒரு ஒயின் தான் வரும், பார்ட்டிக்கு பார்ட்டி அதையே ஊத்துறாங்க, எனக்கு ரெண்டாவது கிளாஸ் இறங்காது. போன வாரம் ஆபீஸ் டின்னர்ல ஒருத்தர் ஷாப்லின்னு ஒரு பிரெஞ்சு பாட்டில் ஆர்டர் பண்ணார். லேபிள்ல எந்த மூலையிலயும் ஷார்டனேங்கற பேரே இல்ல, ஆனா அவர் இது நூறு சதவீதம் ஷார்டனே தான்னு அடிச்சு சொல்றார். கலர் கிட்டத்தட்ட தண்ணி, லேசா பச்சை ஓடுது. வாயில வெச்சா எலுமிச்சை, பச்சை ஆப்பிள், முழுங்கினதுக்கு அப்புறம் ஏதோ உப்பு தடவின மாதிரி ஒரு கூர்மை, எச்சில் ஊறிக்கிட்டே இருக்கு. ஒரே திராட்சை இப்படி ரெண்டு வேஷம் போடுமா? குளிர் பிரதேசத்து ஷார்டனேன்னா இப்படித்தான் இருக்கும்னு வேற சொன்னார். குளிர் அப்படி என்ன பண்ணுது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கசப்புக்கஷாயம்

புளிச்ச தண்ணிக்கு பிரெஞ்சு பேர் வெச்சா விலை மூணு மடங்கு. குளிர் பண்றது அதான் தல.

பாண்டித்தம்பி

கஷாயம் அண்ணே ஆரம்பிச்சுட்டார் 😄

எனக்கு பூர்வீகம் புதுச்சேரி, இப்ப இருக்கறது பிரான்ஸ்ல பர்கண்டி பிரதேசத்து திஜோன், ஷாப்லி இங்கேர்ந்து கார்ல ஒன்றரை மணி நேரம். அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

மொதல்ல அந்த லேபிள் விஷயம். பர்கண்டில திராட்சை பேரை போடற வழக்கம் குறைவு, ஊர் பேரைத்தான் போடுவாங்க. ஷாப்லின்னு போட்டா அது ஷார்டனே மட்டும்தான், சட்டப்படி வேற திராட்சை ஒரு சொட்டு கலக்கக் கூடாது, அந்த அப்பெலாசியோன், அதாவது ஊர் பேருக்கான சட்டம், 1938லேர்ந்து இருக்கு. பேருக்குத்தான் பர்கண்டி, மேப் எடுத்து பாத்தா ஊர் தனியா வடக்கால கிடக்கும், பர்கண்டி ஒயினுக்கு தலைநகர் மாதிரி இருக்கற போன்ங்கற (Beaune) ஊர்ல இருந்து ரொம்ப தூரம், ஷாம்பெயின் பக்கத்து தோட்டங்கள் தான் கிட்ட. பாரிஸ்லேர்ந்து தென்கிழக்கா 180 கிலோமீட்டர் இருக்கும். செரேன்னு ஒரு சின்ன ஆறு, ரெண்டு பக்கமும் சரிவு, சரிவெல்லாம் கொடி.

இப்ப உங்க கேள்வி. ஷார்டனேக்குன்னு சொந்தமா பெரிய வாசனை கிடையாது. மஸ்கட் திராட்சைய மோந்தாலே மஸ்கட்னு தெரிஞ்சிடும், ரீஸ்லிங் கூட காட்டிக் கொடுத்துடும், ஷார்டனே அப்படி இல்ல, எந்த ஊர்ல வளருதோ, செய்யறவன் என்ன பண்றானோ அதையெல்லாம் அப்படியே வாங்கிக்கும். 1999ல கலிஃபோர்னியா டேவிஸ் யுனிவர்சிட்டில டிஎன்ஏ பாத்து கண்டுபிடிச்சாங்க, பினோ நுவாரும் கூவே ப்ளாங்கும் சேர்ந்து பொறந்த புள்ளதான் ஷார்டனே. பினோ பெரிய இடத்து திராட்சை, கூவே ஊருக்கு ஊர் ஒதுக்கித் தள்ளின ஒன்னு. எந்த மண்ணுலயும் ஒட்டிக்கிற குணம் எங்கேர்ந்து வந்துச்சோ, ஆனா இன்னைக்கு ஒயின் செய்யற பெரும்பாலான நாடுகள்ல இது இருக்கு.

வெயில் ஊர்ல பழுத்தா சர்க்கரை ஏறும், ஆல்கஹால் 14, 14.5 சதவீதம் வரைக்கும் போகும், வாசனை அன்னாசி மாம்பழம் பக்கம் சாயும். குளிர் ஊர்ல அதே பழம் செப்டம்பர் கடைசி வரைக்கும் கொடியிலயே இழுத்துக்கிட்டு நிக்கும், சர்க்கரை மெதுவா ஏறும், 12.5 இல்லன்னா 13 ஆல்கஹால், புளிப்பு உள்ளேயே தங்கிடும். மாங்கா செங்காயா இருக்கறப்ப பறிச்சதுக்கும் கொழுத்து பழுத்ததுக்கும் உள்ள வித்தியாசம்னு வெச்சுக்குங்களேன். குளிர் புதுசா ஒரு சுவையையும் கொண்டு வந்து சேர்க்கல, வெயில் எரிச்சுத் தீர்த்திருக்க வேண்டியத காப்பாத்தி வெச்சிருக்கு, என் கணக்குல விஷயமே அவ்வளவுதான். உங்களுக்கு எச்சில் ஊறினதும் அதனாலதான்.

வேதிவாத்தி

தம்பி சொன்னதுல அந்த எரிச்சுத் தீர்க்கறதுங்கற இடத்தை கொஞ்சம் விரிக்கறேன், ஏன்னா அது வெறும் பேச்சு இல்ல, நிஜமாவே அதான் நடக்குது. திராட்சையில முக்கியமா ரெண்டு ஆசிட், டார்டாரிக், மாலிக். மாலிக்தான் பச்சை ஆப்பிள்ல இருக்கற சுருக்குன்னு புளிப்பு. பழம் பழுக்க ஆரம்பிச்சதும் அது சுவாசிக்கறதுக்கு இந்த மாலிக்கைத்தான் செலவு பண்ணும், சூடு ஏற ஏற செலவு வேகமாகும், ராத்திரியும் புழுக்கமா இருந்தா ராத்திரியும் செலவு. குளிர்ந்த ராத்திரி உள்ள ஊர்ல அந்த செலவு மட்டுப்படும், அறுவடை அன்னைக்கு பழத்துல மாலிக் நிறைய மிச்சம் இருக்கும். டார்டாரிக் அவ்வளவு சீக்கிரம் அசையாது. வெயில் ஊர்ல பல பேர் புளிப்பு பத்தலைன்னு மூட்டையிலேர்ந்து டார்டாரிக் எடுத்து கலக்கறாங்க, அங்க சட்டப்படி அனுமதி இருக்கு. குளிர் ஊர்ல கதை தலைகீழ், பழைய காலத்துல சர்க்கரை பத்தாம சர்க்கரை மூட்டை வாங்கி ஜூஸ்ல கொட்டுவாங்க, அதுவும் சட்டப்படிதான்.

குமாரபாளையம்_குரு

வெண்ணெய் வாசனை வர்றது மாலோலாக்டிக் பண்றதால, ஷாப்லில அத பண்றதே இல்ல, ஸ்டீல் டேங்க்ல வெச்சு நேரா பாட்டில். வித்தியாசம் அதான், இவ்ளோ பெரிய கதை எதுக்கு.

வேதிவாத்தி

குரு, ஸ்டீல் டேங்க் வரைக்கும் சரி, மத்தது இல்ல. ஷாப்லில பெரும்பாலான ஒயின் மாலோலாக்டிக் ஆனதுதான். ஒரு பாக்டீரியா அந்த மாலிக்கை லாக்டிக்கா மாத்தும், தயிர்ல இருக்கற ஆசிட், புளிப்பு கொஞ்சம் தணியும். அது நடக்கலைன்னா ஷாப்லி பல்லு கூசற அளவுக்கு இருக்கும். மாலிக் போயிட்டாலும் கீழ டார்டாரிக் அசையாம நிக்குது, அதனால ஒயின் நிமிர்ந்தே இருக்கு.

வெண்ணெய் வாசனைக்கு காரணம் டைஅசெட்டைல். தியேட்டர் பாப்கார்ன்ல அடிக்குதே அதேதான். அந்த பாக்டீரியா சிட்ரிக் ஆசிட்டை தின்னும்போது பக்க விளைவா வரும். ஆனா ஈஸ்ட் வண்டலோட ஒயினை சில மாசம் சும்மா விட்டா அந்த ஈஸ்டே டைஅசெட்டைலை உடைச்சு வாசனை இல்லாததா மாத்திடும். அதனால மாலோலாக்டிக் ஆனா வெண்ணெய்னு நேர் கணக்கு போட முடியாது, செய்யறவன் அந்த வாசனை வேணும்னு நினைச்சா வெச்சுக்கலாம் வேணாம்னா போக்கிக்கலாம். வெனிலா வர்றது புது ஓக் பீப்பாய்லேர்ந்து, அது தனிக் கணக்கு. விலை குறைஞ்ச பாட்டில்ல பீப்பாயே இருக்காது, ஓக் மரத்தூளையும் சில்லையும் டேங்க்ல போட்டு ஊற வெச்சு எடுத்துடுவாங்க.

ஸ்கார்பரோ_சிவம்

வணக்கம் எல்லாருக்கும். உங்கட கதையளை வாசிக்க நல்லா இருக்கு, நானும் இஞ்சத்த விசயம் ஒண்டு சொல்லுறன். ரொறன்ரோவில இருந்து நயாகரா நீர்வீழ்ச்சி பாக்க போற எங்கட சனம் எல்லாம் வழியில இருக்கிற திராட்சைத் தோட்டத்தை ஐஸ்வைன், அதுதான் கொடியில உறைஞ்ச திராட்சையில செய்யிற இனிப்பு வைன், எண்டு மட்டும்தான் நினைக்கினம். அங்க ஷார்டனே நல்ல வடிவா வருது. ஒன்டாரியோ வாவி வெயில் காலத்துச் சூட்டைப் பிடிச்சு வச்சு குளிர் காலத்தில மெல்ல மெல்ல விடும், வசந்தத்தில அதே வாவி குளிர்ந்து கிடக்கிறதால கொடி அவசரப்பட்டுத் துளிர்க்காது, உறைபனியில இருந்து தப்பும். பின்னால எஸ்கார்ப்மென்ற் எண்டு சுண்ணாம்புக்கல் மேடு, வாவிக் காத்து அதில அடிச்சுத் திரும்பிச் சுத்திக்கொண்டே இருக்கும். 2011ல இருந்து குளிர் பிரதேச ஷார்டனேக்கெண்டே தனியா ஒரு விழாவும் நடத்துகினம்.

ஆனா எனக்கு மனசில நிண்டது பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ரி. ரொறன்ரோவில இருந்து கிழக்கால ரெண்டு மணித்தியால ஓட்டம். அங்க குளிர் மைனஸ் 25க்கும் கீழ போகும், ஷார்டனேக் கொடி அதைத் தாங்காது. அதால அவையள் என்ன செய்யினம் எண்டா, அறுவடை முடிஞ்ச கையோட அடுத்த வருசத்துக்கு வேண்டிய கிளையளைக் கீழ வளைச்சு நிலத்துக்குக் கிட்டவா கட்டி, ட்ரக்டர் கலப்பையால ரெண்டு பக்கத்து மண்ணையும் அணைச்சு மூடி விடுவினம். ஒரு தோட்டம் முழுக்க வரிசை வரிசையா மண்வரம்பு மட்டும்தான் தெரியும், கொடி இருந்த அடையாளமே இராது. ஏப்ரலில திரும்பவும் மண்ணைத் தள்ளி, கிளைக்குக் காயம் படாமல் கையால கிளப்பி எடுத்துக் கம்பியில கட்டவேணும். ஒவ்வொரு வருசமும் இதே வேலை. நான் பாத்தபோது ஒரு பெடியன் முழங்காலில நிண்டு விரலால மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தவன், மொட்டு ஒண்டு உடைஞ்சால் ஒரு குலை போச்சு எண்டு சொன்னவன். விலை ஏன் கூட எண்டு கஷாயம் அண்ணைக்கு இதுதான் என்ர பதில்.

கசப்புக்கஷாயம்

சிவம் அண்ணை, கஷ்டப்பட்டு செஞ்சா நல்லா இருக்கணும்னு கட்டாயமா? எங்க ஊர்ல கஷ்டப்பட்டு செய்யறது எவ்வளவோ வாயில வைக்க முடியாம இருக்கு. குளிர்ல வளராத ஒன்னை குளிர்ல கொண்டு போய் நட்டு, பொதைச்சு, தோண்டி... வெயில் ஊர்லயே நட்டா ஆகாதா?

ஸ்கார்பரோ_சிவம்

நியாயமான கேள்விதான் 😀 வெயில் ஊரில நட்டால் வேற குடிவகை வரும், அதுதான் பிரச்சினை.

மழைக்காலன்

அடடா இவ்ளோ விஷயமா. பாண்டி தம்பி, இன்னொன்னு. அந்த டின்னர் ஆள் ஷாப்லி மண்ணுல சிப்பி ஓடு இருக்கு, அதனாலதான் கடல் உப்பு வாசனை வருதுன்னார். இது உண்மையா, கதையா?

பாண்டித்தம்பி

பாதி உண்மை பாதி கதை. சிப்பி ஓடு இருக்கறது உண்மை. அந்த மண்ணு படிவுக்கு கிம்மெரிட்ஜியன்னு பேரு, இங்கிலாந்து டார்செட்ல இருக்கற கிம்மெரிட்ஜ் கிராமத்து பேர் அது, சுமார் 150 மில்லியன் வருஷத்துக்கு முன்னாடி அந்த இடமெல்லாம் ஆழமில்லாத கடல். நல்ல சரிவுகள்ல குனிஞ்சு ஒரு கல்லை எடுத்தா சாம்பல் கலந்த வெள்ளையா இருக்கும், களிமண் ஒட்டியிருக்கும், நகத்துல சுரண்டினா கமா மாதிரி வளைஞ்ச சின்னச் சின்ன ஓடு அடுக்கடுக்கா தெரியும், சுண்டு விரல் நகம் அளவுதான். எக்ஸோஜைரா விர்கூலான்னு அந்த சிப்பிக்கு பேரு. மழை பேஞ்சதும் போனா பாதை முழுக்க கொட்டிக் கிடக்கும்.

ஆனா அந்த ஓட்டோட ருசி வேர் வழியா ஏறி கிளாஸுக்கு வருதுங்கறத மண்ணியல் ஆளுங்க ஒத்துக்கறதில்ல. அலெக்ஸ் மால்ட்மன்னு ஒரு பேராசிரியர் இதைப் பத்தி நிறைய எழுதியிருக்கார். கல்லுக்கு சொந்தமா ருசி கிடையாது, கொடி உறிஞ்சற தாது உப்பு ரொம்ப கொஞ்சம், நாக்குக்கு தட்டுப்படற அளவு இல்லங்கறது அவர் வாதம். எனக்கும் அதுதான் சரின்னு படுது. அந்த மண்ணு செய்யற வேலை வேற, சுண்ணாம்பு தண்ணிய சீக்கிரம் வடிய விடும், களிமண் கொஞ்சம் தேக்கி வெச்சுக்கும், மழையிலயும் வேர் அழுகாது வெயில்லயும் காயாது. உப்பு மாதிரி தெரியறது புளிப்பு அதிகம், பழ வாசனை கம்மி, ஓக் இல்ல, இந்த மூணும் சேர்ந்து பண்ற வேலைன்னு நினைக்கறேன். ஷாப்லி ஆளுங்க கிட்ட இத சொல்லிடாதீங்க, சிப்பி ஓட்டை ஷெல்ஃபுல வெச்சு வியாபாரம் பண்றாங்க பாவம்.

மண்ணை விட சரிவு எந்தப் பக்கம் பாக்குதுங்கறது தான் அங்க பெருசு. ஊருக்கு எதிர்ல ஆத்தோட வலது கரையில ஒரே ஒரு குன்று, தென்மேற்கு பாத்த சரிவு, சுமார் 100 ஹெக்டேர், அதுதான் ஒசந்த தரமான கிரான் க்ரூ மொத்தமும். லெ க்ளோ, வால்முர், வோதெசீர், ப்ளான்ஷோ, க்ரெனுய், ப்ரெஸ், பூக்ரோன்னு ஏழு பேரா பிரிச்சிருக்காங்க. குளிர் ஊர்ல மதியத்துக்கு மேல வர்ற வெயில் முழுசா கிடைக்கற இடம்தான் சொத்து. அதுக்கு கீழ ப்ரெமியே க்ரூ, அப்புறம் சாதா ஷாப்லி, மேட்டுல காத்து அடிக்கற இடத்துல பெத்தி ஷாப்லி.

சிவம் அண்ணன் பொதைக்கறத சொன்னார், ஷாப்லில பிரச்சனை ஏப்ரல் மாசம். துளிர் வந்து ஒரு விரல் நீளம் இருக்கும்போது ராத்திரி மைனஸ் 3, 4 போயிடும். 1957ல அப்படி ஆகித்தான் நிறைய பேர் தோட்டத்தையே விட்டாங்க, அம்பதுகள்ல மொத்த ஷாப்லியும் 500 ஹெக்டேர் அளவுக்கு சுருங்கிப் போச்சு, இப்ப 5,800 ஹெக்டேருக்கு பக்கம். இதுக்கு ரெண்டு வைத்தியம். ஒன்னு, வரிசை நடுவுல பாரஃபின் மெழுகு டின்னு, ஹெக்டேருக்கு நூத்துக்கணக்குல, விடிகாலை மூணு மணிக்கு குடும்பமே இறங்கி ஒவ்வொன்னா கொளுத்தணும். இன்னொன்னு கேட்டா சிரிப்பீங்க, தண்ணி தெளிக்கறது! ஸ்ப்ரிங்க்ளர் வெச்சு துளிர் மேல தண்ணிய விட்டுக்கிட்டே இருப்பாங்க, அது உறைஞ்சு கண்ணாடி மாதிரி மூடிக்கும், தண்ணி உறையும்போது கொஞ்சம் சூட்டை வெளியே விடும் இல்லையா, அந்த சூட்டுல உள்ள இருக்கற துளிர் பூஜ்யத்துக்கு கீழ ரொம்ப இறங்காம தப்பிக்கும். ஆனா நடுவுல மோட்டார் நின்னா போச்சு, நனைஞ்ச துளிர் இன்னும் மோசமா செத்துடும், சூரியன் வந்து ஐஸ் உருகற வரைக்கும் நிறுத்தக் கூடாது. காலைல போய் பாத்தா சரிவு முழுக்க பளபளன்னு மின்னும், போட்டோ எடுக்கறவனுக்கு கொண்டாட்டம், தோட்டக்காரன் மூஞ்சியில ஈ ஆடாது.

2021 ஏப்ரல்ல இது எல்லாத்தையும் மீறி அடிச்சது, பிரான்ஸ் முழுக்க. சூடு ஏறினா நல்லதுதானேன்னு கேப்பீங்க, இல்ல, மார்ச்லயே வெயில் அடிச்சா கொடி ஏமாந்து சீக்கிரம் துளிர்க்கும், அப்புறம் ஏப்ரல் பனி வந்து வாரிக்கிட்டு போகும். 2024ல பனி, ஆலங்கட்டி மழை, அதுக்கப்புறம் பூஞ்சை, விளைச்சல் பாதிக்கும் கீழ.

பே_ஏரியா_பாலா

மழைக்காலன், கலிஃபோர்னியாவை ஒரேடியா திட்டாதீங்க ப்ரோ. நீங்க குடிச்சது கடல்லேர்ந்து உள்ள தள்ளி இருக்கற வெயில் பள்ளத்தாக்கு, சென்ட்ரல் வேலி சரக்கா இருக்கும். இங்க வடக்கு தெற்கு கணக்கு வேலைக்கு ஆகாது, கடல் எவ்வளவு கிட்டங்கறது தான் கணக்கு. பசிபிக் தண்ணி ஐஸ் குளிர், அதுலேர்ந்து மூடுபனி உள்ள வரும். சாண்டா பார்பரா பக்கம் ஸ்டா ரீட்டா ஹில்ஸ்னு ஒரு இடம், மத்த மலையெல்லாம் கடலுக்கு இணையா ஓடும்போது அங்க மட்டும் கிழக்கு மேற்கா ஓடும், கடல் காத்துக்கு கதவு தொறந்து விட்ட கணக்கா உள்ள வந்துடும், ஜூலைல மத்தியானம் ஜாக்கெட் போட்டுட்டு நின்னுருக்கேன். சொனோமா கோஸ்டும் அப்படித்தான். அங்க வர்ற ஷார்டனேல அன்னாசி இருக்காது.

இன்னொன்னு, 1976 பாரிஸ் டேஸ்டிங்ல பிரெஞ்சு நடுவர்களே லேபிள் தெரியாம குடிச்சுப் பாத்து பர்கண்டிய விட நல்லா இருக்குன்னு மார்க் போட்ட ஷாத்தோ மான்டலீனா 1973, அது வெண்ணெய் ஷார்டனே இல்ல. அவங்க மாலோலாக்டிக் பண்றதில்ல. அந்த வெற்றிக்கு அப்புறம்தான் ஊரெல்லாம் ஷார்டனே நட்டு, ஓக்கை கொட்டி, எண்பது தொண்ணூறுகள்ல நீங்க சொல்ற அந்த கொழகொழ ஒயின் வந்து, அது திகட்டிப்போய் ஷார்டனே தவிர எது வேணா குடுன்னு மெனுவை தள்ளிவிடற ஒரு கூட்டமே உருவாச்சு. அந்தக் கூட்டத்துல பாதி பேர் சந்தோஷமா ஷாப்லி குடிப்பாங்க, கேட்டா எனக்கு ஷார்டனே பிடிக்காதும்பாங்க!!

குமாரபாளையம்_குரு

ஹாஹா இது என் மச்சான்.

நாகர்கோவில்_நந்தினி

இவ்வளவு பேசறீங்க, சாப்பாட்டைப் பத்தி ஒருத்தரும் வாயே தொறக்கல. நான் லண்டன்ல ஒரு ரெஸ்டாரன்ட் கிச்சன்ல இருந்தவ, என் அனுபவத்துல நம்ம சாப்பாட்டுக்கு இந்த குளிர் ஊர் ஷார்டனே அருமையா போகும், ஆனா எல்லாத்துக்கும் இல்ல. மிளகா காரம் ஆல்கஹால் எரிச்சலை தூக்கி விடும், அதனால 14.5 போட்ட பாட்டிலை சுக்காவோட வெச்சா தொண்டை பத்திக்கும், 12.5ல அந்த தொல்லை கம்மி. சிவப்பு ஒயின்ல துவர்க்குமே அந்த டானின் இதுல இல்லாததால கசப்பும் கிளம்பாது.

நெத்திலி வறுவல், மொறுமொறுன்னு, மேல எலுமிச்சை பிழிஞ்சு, இதுக்கு மேல ஜோடி கிடையாது. ஒரு வாய் மீன், ஒரு வாய் ஒயின், எண்ணெய் பிசுக்கை அப்படியே கழுவி விட்டு அடுத்த மீனுக்கு வாயை தயார் பண்ணிடும். தேங்காப்பால் ஊத்தின நண்டு, சொதி, இதுக்கெல்லாம் கொஞ்சம் கனமான ப்ரெமியே க்ரூ. ஆனா புளி மீன் குழம்போட மட்டும் எடுத்துடாதீங்க. சாப்பாடு ஒயினை விட புளிப்பா இருந்தா ஒயின் சப்புன்னு ஆயிடும், காசு போட்டு வாங்கினது தண்ணியா போயிடும். ஷாப்லி ஊர்க்காரங்க பச்சை சிப்பி, ஆட்டுப்பால் சீஸ், குடல்ல செஞ்ச ஆண்டுயெத் சாஸேஜ், இதோட குடிக்கறாங்க, நம்ம போட்டி வறுவல் ஆளுங்களுக்கு கடைசி ஐட்டம் கண்டிப்பா பிடிக்கும்.

அப்புறம் ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா எடுத்து ஊத்தாதீங்க. ரொம்ப சில்லுன்னு இருந்தா புளிப்பு மட்டும்தான் தெரியும், கஷாயம் அண்ணன் புளிச்ச தண்ணிங்கறது அப்படி குடிச்சதால கூட இருக்கலாம். வெளிய எடுத்து கொஞ்ச நேரம் விடுங்க, 10, 12 டிகிரில தேன், பாதாம் மாதிரி ஒன்னு மெல்ல எட்டிப் பாக்கும்.

கசப்புக்கஷாயம்

நந்தினி அக்கா நெத்திலின்னு சொன்னதும் நான் கவுந்துட்டேன், ஒயினுக்கு இல்ல, நெத்திலிக்கு.

சரி சீரியஸா கேக்கறேன், பெத்தி ஷாப்லிலேர்ந்து கிரான் க்ரூ வரைக்கும் நாலு வகை சொன்னீங்களே, எதை வாங்கினா காசு வீணாகாது? கிரான் க்ரூ எல்லாம் என் சம்பளத்துக்கு இல்ல.

பாண்டித்தம்பி

கிரான் க்ரூவ சின்ன வயசுல தொறந்தா அதுதான் அண்ணே காசு வீண், இறுக்கமா மூடிக்கிட்டு இருக்கும், ஒரு எட்டு பத்து வருஷம் பொறுத்தாத்தான் வாய் தொறக்கும். அதுலயும் ராவெனோ, டோவிசா மாதிரி பழைய ஓக் பீப்பாய்ல செய்யற ஆளுங்க இருக்காங்க, அது வெனிலாக்காக இல்ல, பழைய பீப்பாய்ல வாசனை எல்லாம் எப்பவோ செத்துருக்கும், காத்து லேசா பட்டு ஒயின் உருண்டு திரளத்தான். விலை கேக்காதீங்க. உங்களுக்கு ப்ரெமியே க்ரூல மோந்தே தெ தொன்னேர்னு ஒரு சரிவு, கிரான் க்ரூ குன்றுக்கு பக்கத்துலயே அதே கரையில இருக்கு, குணமும் கிட்டத்தட்ட அதே, விலை அவ்வளவு இல்ல. அதுவும் ஜாஸ்தின்னா லா ஷாப்லிசியென்ன்னு ஒரு கூட்டுறவு, 1923லேர்ந்து இருக்கு, சாதா ஷாப்லியே ஒழுங்கா செய்வாங்க. வருஷம் பாக்கணும்னா, 2021 பனி தின்னது போக மிஞ்சினது ஒல்லியா, கூர்மையா, பழைய காலத்து ஷாப்லி மாதிரி இருக்கும். 2022 வெயில் வருஷம், கொஞ்சம் சதைப்பிடிப்பு. மழைக்காலனுக்கு 2021, உங்களுக்கு 2022.

மழைக்காலன்

2021 தேடறேன். எங்க ஏரியா சூப்பர் மார்க்கெட்ல பெரிய கேலன் பாட்டில்ல ஷாப்லின்னு ரொம்ப சீப்பா ஒன்னு பாத்த ஞாபகம், அதையும் ட்ரை பண்ணலாமா?

பே_ஏரியா_பாலா

ஐயோ வேணாம். லேபிளை நல்லா படிங்க, கலிஃபோர்னியா ஷாப்லின்னு இருக்கும். இங்க ரொம்ப காலம் எந்த வெள்ளை ஒயினுக்கும் அந்த பேரை ஒட்டிக்கலாம்னு விட்டு வெச்சிருந்தாங்க, உள்ள ஷார்டனே இருக்கணும்னு கூட கட்டாயம் இல்ல. 2006ல ஐரோப்பாவோட ஒப்பந்தம் போட்டு புதுசா யாரும் அந்த பேரை வைக்கக் கூடாதுன்னாங்க, ஏற்கனவே வெச்சிருந்தவங்களை மட்டும் விட்டுட்டாங்க. நீங்க பாத்தது அதுல ஒன்னு. அப்பெலாசியோன் ஷாப்லி கோன்த்ரொலேன்னு எழுதியிருக்கா, பிரான்ஸ் இருக்கான்னு பாத்துட்டு எடுங்க.